இரண்டாவது பூச்சு

மழைக்காலத்துக்கு முன்பு ஓடுகளை ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. விரிசல் கண்ணுக்குத் தெரியாது. விரலால் சுண்டினால் சத்தத்தில் தெரிந்துவிடும். தங்கள் கோர்ட்டுக் கச்சேரியின் தாழ்வாரத்திலும் சில ஓடுகளை மாற்ற வேண்டியிருக்கிறது. உள்ளே வரும்போதே கவனித்தேன். பழக்கதோஷம், மன்னிக்க வேண்டும்.

மாஜிஸ்திரேட் ஐயாவுக்கு என்னை ஞாபகம் இருக்கும். போன ஐப்பசியில் எங்கள் தெருவில் சாலோமி என்கிற விதவை சுவர் விழுந்து இறந்தபோது தாங்கள் விசாரணைக்கு வந்தீர்கள். என் வீட்டு முன்மண்டபத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். மழையால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்துவிட்டு, மண்டபம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அந்த விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். மண்டபம் விஷயமாக அல்ல, சுவர் விஷயமாக.

என் பெயர் பாக்கியசீலன். 1911இல் தலைமை உபாத்தியாயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். என்னைப் போன்றவன் சும்மா இருந்தால் ஊர் கெட்டுவிடும் என்று பட்டதால், பாளையங்கால்வாயை ஒட்டிய எங்கள் தெருவில் கிறிஸ்தவ இல்லப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தேன். அக்கிராசனர் நானே. மாதம் ஒரு பிரசங்கம். மண்ணெண்ணெய் விளக்கைக் கொசுவலைக்குள் கொண்டுபோகக் கூடாது, எலி வளையைக் கண்ணாடிச் சில் போட்டு அடைக்க வேண்டும், ஏணியை நனைந்த தரையில் சாய்க்கக் கூடாது என்றெல்லாம் பேசினேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஏணியிலிருந்து விழுந்து யாரும் சாகவில்லை. அதற்கு முன்பும் யாரும் சாகவில்லை. அதை நான் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

அந்த வருஷந்தான் வீட்டுக்கு முன்னால் கோச்சு வண்டி வந்து நிற்கும்படி மண்டபம் கட்டினேன். துரைமார் பங்களாக்களில் இருப்பதைப் போல நாலு தூண். கட்டி முடித்த பிறகுதான் ஒரு குறை தெரிந்தது. என் வாசலுக்கு எதிரே சாலோமியின் மண்வீடு மூலை நீட்டிக்கொண்டிருந்தது. கோச்சு உள்ளே திரும்ப இடமில்லை. அதைவிட நல்ல மனை வாங்கித் தருகிறேன் என்று கேட்டேன். அவள் லேஸ் பின்னிப் பிழைக்கிறவள். இந்தச் சன்னலில் விழுகிற வெளிச்சம் வேறெங்கும் விழாது என்று மறுத்துவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். அறுப்பின் பண்டிகையன்று கோயில் வாசலில் சபையார் எல்லோரும் கூடியிருந்தபோது மறுபடியும் கேட்டது என் பிசகு.

"கோச்சு திரும்ப எடம் இல்லன்னு என் வீட்டக் கேக்கிய அண்ணாச்சி. கோச்சு எங்க இருக்கு? மொதல்ல ஒரு குதிரைய வாங்குங்க. எனக்கு வளைஞ்சு போவத் தெரியாதுன்னு அது வந்து சொல்லட்டும், நானே வீட்டப் பிரிச்சித் தாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். குருவானவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வருவதில்லை.

அடுத்த மாதம் தூத்துக்குடியிலிருந்து என் செலவில் தார் வரவழைத்து, அவளுடைய சுவரின் அடிப்பாகத்தில் முழங்கால் உயரத்துக்குப் பூசிக் கொடுத்தேன். கறையான் ஏறாது, ஈரம் தாக்காது என்று சொன்னேன். பார்வைக்கும் அழகாக, பளபளவென்று இருந்தது. பகையை நன்மையால் வென்றவர் என்று குருவானவர் ஆராதனையில் என் பெயரைச் சொன்னார். சாலோமி என் மேஜைக்கு ஒரு லேஸ் விரிப்புப் பின்னிக்கொண்டு வந்தாள். "அன்னைக்கு வாய்த்துடுக்காப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதிய அண்ணாச்சி" என்றாள். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அந்த விரிப்பின்மேல் தட்டு வைத்துத்தான் ஒரு வருஷமாகச் சாப்பிடுகிறேன். எடுத்துவிட்டால், ஏன் எடுத்தீர்கள் என்று வீட்டில் கேட்பார்கள்.

மழைக்கு முன்பு மண்டபத்துக் கூரைத் தண்ணீர் வடிகிற தூம்பை வடக்கே திருப்பி வைத்தேன். மேலிருந்து விழுகிற தண்ணீர் நம் அஸ்திவாரத்தில் நிற்கக் கூடாது. இது எந்தக் கொத்தனாரும் ஒப்புக்கொள்கிற விதி. வடக்கே சாலோமியின் சுவர் இருந்தது. தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்து, ஒரு மத்தியானம் சற்று வெறித்தது. அவள் சன்னலோரம் பின்னல் திண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். சுவர் சாயக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்தது, கூரை மேலே இறங்கியது. அவளை வெளியே எடுத்தபோது விரல்களில் நூல் சுற்றியிருந்தது. மகள் கிரேஸ் அப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆள் அனுப்பியதும் நான்தான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தச்சர் ஞானையா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "தார் பூசின சொவருல்லா அண்ணாச்சி? அது எப்படி விழும்?"

சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. சங்கத்தின் அக்கிராசனர் தெரியாது என்று சொல்ல முடியுமா?

"ஒரு பூச்சு பத்தல" என்றேன். "இடுப்பளவுக்கு ரெண்டு பூச்சு பூசியிருந்தா நின்னுருக்கும்."

அதன்பின் தெருவில் அநேகமாக எல்லோரும் இரண்டு பூச்சுப் பூசிவிட்டார்கள். தார் வாங்க வசதி இல்லாதவர்களுக்குச் சங்கமே கொடுத்தது. இன்றைக்குத் தாங்கள் வந்தால் தெரு முழுவதும் கறுப்பு அரைக்கச்சை கட்டியதுபோல இருக்கும். கிரேஸ் அந்த மனையை நல்ல மனதோடு எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். தெருக்கோடியில் தன் சித்தி வீட்டில் இருக்கிறாள். அங்கே கைக்குழந்தை ஒன்று உண்டு.

முந்தாநாள் அவள் வந்தாள். "மாமா, சித்தி வீடு ஒண்ணுதான் பாக்கி. மழைக்கு முன்ன பூசிரணும். அம்மாவுக்குத்தான் ஒரு பூச்சோட போயிட்டு."

கொடுத்தேன். தூரிகையும் கொடுத்தேன். மூலைகளில் இடைவெளி விடாமல் பூசு என்று சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

மண்சுவர் ஈரத்தைக் குடிக்கும். வெயிலில் அதைத் திரும்ப வெளியே விடும். தார் பூசினால் குடித்தது வெளியே வர வழியில்லை. உள்ளே சேறாகிவிடும். வெளியே பளபளவென்றே இருக்கும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்ததல்ல. சாலோமியின் சுவருக்குப் பூசுவதற்கு முந்தின வருஷம் என் மாட்டுத்தொழுவத்துக்குத் தார் பூசியிருந்தேன். முதல் மழையிலேயே விழுந்தது, கன்றுக்குட்டி செத்தது. அக்கிராசனர் வீட்டுச் சுவரே விழுந்தது என்று பேச்சு வரக் கூடாதல்லவா? வேலைக்காரன் மாடக்கண்ணுவை விட்டு, விடிவதற்குள் மண்ணை அள்ளிப்போடச் சொன்னேன். மிச்சமிருந்த தாரைத் தொழுவத்து மூலையில் வைத்திருந்தேன். தூத்துக்குடியிலிருந்து சாலோமிக்காக வரவழைத்ததாகச் சொன்னேனே, அது சரியல்ல. இந்தத் தாரைத்தான் பூசினேன். தெரிந்தேதான் பூசினேன். தெரிந்தேதான் தூம்பைத் திருப்பினேன். அவளைக் கொன்றது மழை அல்ல, ஐயா. இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

தெருவைக் காப்பாற்ற இன்னும் வழி இருக்கிறது. தாங்கள் தண்டோராப் போட்டு, எல்லோரையும் தாரைச் சுரண்டச் சொல்ல வேண்டும். நாலு நாள் வெயில் பட்டால் சுவர்கள் காய்ந்துவிடும். என் வாயால் சொல்வதைவிடச் சர்க்கார் சொன்னால் மரியாதையாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை பிஷப் துரை எங்கள் சபைக்கு வருகிறார். அவருடைய கோச்சு என் மண்டபத்தில் வந்து நிற்பதாக ஏற்பாடு. இப்போது தாராளமாகத் திரும்பும். மாட்டுவண்டியை விட்டு அளந்து பார்த்துவிட்டேன். அது முடியட்டும். திங்கட்கிழமை விடிந்ததும் தண்டோராப் போடலாம், என்னையும் கொண்டுபோகலாம். நானாக வந்து இத்தனை உயிர்களைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதற்காகவாவது இந்தச் சலுகையைக் காட்டக் கூடாதா?

சன்னல் பக்கம் என்ன பார்க்கிறீர்கள்? தூறல்தான், ஐயா. இது பிடித்துப் பெய்கிற மழை இல்லை.