ஊமைக்கசத்து மீன்

பகல் மூணு மணி. ஆமா, பகல்தான். பேயின்னா நடுச்சாமத்துலதான் வரணும்னு எவனும் சட்டம் போடல. மேல, துரைமார் பங்களாவுல இருந்து ஊமைக்கசத்துக்குப் போற ஒத்தையடிப் பாதை... ஒரு மைலு. எடப்பக்கம் சோலைக்காடு. வலப்பக்கம் சதுப்பு. நடுவுல ஒரு ஆளு கால் வைக்கிற அகலத்துக்கு மண்ணு. அதுல ஒருத்தன் தனியாப் போறான்.

இரு, அதுக்கு முன்னாடி... ஏலே செல்லப்பாண்டி, கதவத் தெறக்காத. இடுக்கு வழியாப் பாரு. ஓடைத் தண்ணி எங்கன வரைக்கும் வந்திருக்கு? அந்த மொட்டைக் கல்லு தெரியுதா? தெரியுதுல்ல. சரி, வந்து ஒக்காரு.

ரெண்டு பக்கமும் ஓடை ஏறிக்கிருச்சு. விடியிற வரைக்கும் யாரும் இந்த ஏலக்கா ஸ்டோர விட்டு எறங்க முடியாது. விளக்குக்கு மண்ணெண்ணெயும் கெடையாது, எல்லாம் வெள்ளக்காரன் சண்டைக்குப் போயிருச்சு. அடுப்பு வெளிச்சம் போதும். காய் பாட்டுக்குக் காயட்டும். நான் இந்த அடுப்புக்கு வந்து நாலு வருசமாச்சு, ஒரு நாளாச்சும் வாயத் தெறந்திருப்பேனா? எம்பேரு என்னான்னு கூட ஒருத்தரும் கேட்டதில்ல. "அடுப்புக்காரரே, ஒரு கதை சொல்லும்"னு இன்னைக்குன்னு பாத்து இந்தப் பவுனுப் புள்ள கேட்டுருச்சு. அப்பறம் பயமா இருக்குன்னா நான் பொறுப்பில்ல.

இது என் சினேகிதன் பீட்டர்ராஜோட அக்கா மாப்பிள்ளைக்கு நடந்தது. பேரு அருளப்பன். ராயப்பன்பட்டிக்காரன். சாமியார் பள்ளிக்கூடத்துல எட்டாப்பு. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்துதான் அவன மலையேத்துச்சு.

மேல ஒரு துரை இருந்தாரு. ஆளுக அவருக்கு வச்ச பேரு பூச்சித்துரை. ஏன்னா... சேவல் ரோமத்த முள்ளுல கட்டி, நெசப் பூச்சி மாதிரியே செஞ்சு, அத வீசித்தான் மீன் பிடிப்பாரு. எஸ்டேட்டுல ஒரு சேவலுக்கும் கழுத்துல மயிர் கெடையாது. அது என்ன மீனுன்னு கேக்குறியா? டிரவுட்டு. நம்ம ஊர் மீனில்ல. சீமையில இருந்து முட்டையாக் கொண்டாந்து ஓடையில விட்டாக. பச்சத்தண்ணி, அதுவும் கையி வெறைக்கிற தண்ணியிலதான் பொழைக்கும். கையில எடுத்தா மீன் கவிச்சி இருக்காது. வெள்ளரிப்பிஞ்சு வாசம் அடிக்கும்.

அதுல ரெண்டு சாதி. ஒண்ணு தவிட்டு நெறம், செவப்புப் பொட்டு. இன்னொண்ணுக்கு விலாவுல வானவில் ஓடும். துரைமாருக்கு இதுல ஒரு பைத்தியம். சாயங்காலமானா கிளப்புல ஒக்காந்து, இது அந்தச் சாதியா இந்தச் சாதியான்னு மேசையத் தட்டிச் சண்டை போடுவாக. அதத் தீக்கத்தான் அருளப்பன வாச்சரா வச்சாக. அவன் வேலை என்னான்னா... பிடிக்கணும். நீளம் அளக்கணும். விலாவுல செதில் எண்ணணும். வாயத் தெறந்து அண்ணத்துல பல்லு எண்ணணும். எண்ணி முடிச்ச மீனுக்கு அடையாளமா, முதுகுல வால் பக்கம் எலும்பில்லாம ஒரு குட்டித் துடுப்பு இருக்கும், அத கத்திரியால ஒரு வெட்டு. கிளிக். அம்புட்டுத்தான். மீன் நோட்டுல எழுதிட்டு, திருப்பித் தண்ணியில விட்றணும்.

மறுபடி அந்த மீனு சிக்குனா? தொடாம விட்றணும். எண்ணுனத எண்ணக்கூடாது. அதுதான் கிளப்புச் சட்டம். இன்னொண்ணு, கைய நனைச்சுக்கிட்டுத்தான் தொடணும். காஞ்ச கை பட்டா அதுக்குத் தோலு வெந்துபோகும். அருளப்பன் பதனமான ஆளு. கைக்கொழந்தையத் தூக்குற மாதிரித் தூக்குவான்.

ஊமைக்கசம்னு ஏன் பேருன்னா, அது ஓடையில ஒரு ஆழமான மடு, அங்கன தண்ணி மேல இருந்து விழும்... சத்தம் வராது. பக்கத்துல போயி நின்னாலும் வராது. அந்தக் கசத்துல ஒரு நா ஒரு மீனு கெடச்சுச்சு. கன்னங்கரேல்னு. பொட்டும் இல்ல, வானவில்லும் இல்ல. வாயி கண்ணத் தாண்டிப் போகுது. மடியில படுத்துக்கிட்டு துள்ளவே இல்லையாம். அவன் எண்ண எண்ண அவனையே பாத்துச்சாம். அவனும் எண்ணி, வெட்டி, விட்டுட்டு, நோட்டுல சாதிங்கிற எடத்துல இப்பிடி எழுதுனான்: "தெரியவில்லை. இதற்கு முன் பார்த்ததில்லை. திருப்பி விடப்பட்டது."

அதப் பாத்துட்டு பூச்சித்துரை குதிச்ச குதி... புதுசா ஒரு சாதின்னா அவரு பேரு அதுக்கு வப்பாகல்ல? மெட்ராஸ்ல இருந்து மீன் சாதி பாக்குற பெரியவரு சனிக்கிழமை வாராரு, அந்த மீன ஸ்பிரிட்டுப் பாட்டில்ல போட்டுக் கொண்டா, இல்லையின்னா லயத்து வீட்டக் காலி பண்ணுன்னுட்டாரு. "குறி வச்ச மீனு தொரை, விடணும்னு சட்டமிருக்கே"ன்னான் இவன். நோட்டப் பிடுங்கி, மொதப் பக்கத்துல செவப்பு மையில அவரே எழுதுனாரு. குறி வச்சது ரெண்டாவது தடவை சிக்குனா விடக்கூடாது, பாட்டில்ல போடணும்னு.

அப்ப அருளப்பன் பொஞ்சாதி மதலேனாளுக்கு எட்டு மாசம். வெளிய இதே மாதிரி மழை. வீட்ட விட்டு அந்தப் புள்ளைய எங்கன கூட்டிட்டுப் போவான்? சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன செய்வீக?

வெள்ளிக்கிழமை போனான். பகல் மூணு மணி.

மொத வீச்சுலயே வந்துருச்சு. இழுக்கக்கூட வேணாம், தானா வந்து கையில படுத்துச்சு. விட்டுருவான்னு நம்பித்தான் வந்துச்சுன்னு அவன் பின்னால சொல்லி அழுதான். பாட்டில்ல போட்டான். ஸ்பிரிட்டுக்குள்ள வாயத் தெறந்து தெறந்து மூடுச்சு. அவன் ஏன் எண்ணுனான்னு தெரியல... பதினேழு தடவை. அப்பறம் நின்னுபோச்சு.

திரும்புனா மேகம் எறங்கிருச்சு. நீட்டுன கையி தெரியல. சரி, ஒத்தப் பாதைதானேன்னு நடந்தான். ஒரு மைலு நடந்து பாத்தா... எதுக்க ஊமைக்கசம்.

தலைத்துண்ட அவுத்து ஒரு செடியில கட்டிட்டு மறுபடி நடந்தான். மண்ணத் தொட்டுத் தொட்டு நடந்தான். கையில துணி தட்டுப்பட்டுச்சு. அவன் துண்டுதான். செடிக்கு அந்தப் பக்கமா வந்து நிக்கிறான். மூணாந்தடவை ஓடுனான். அருள் நிறைஞ்ச மரியேன்னு கத்திக்கிட்டே ஓடுனான், அவன் சத்தம் அவனுக்கே கேக்கல.

ஏலே, கல்லு தெரியுதா? பாதி தெரியுதா... ம். ஒச்சாண்டி, அந்த விறக இங்கிட்டு எடுத்துப் போடு.

அப்பத்தான் கன்னத்துக்கு உள்பக்கம் சுருக்னு ஒரு வலி. வெரல விட்டுப் பாத்தான், ஒண்ணுமில்ல. ஆனா இழுக்குது. தலை திரும்புது, காலு பின்னாடியே போகுது. நின்னா வலி உசுரு போகுது, நடந்தா கொறையுது. அப்பிடியே நடத்திக் கசத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிருச்சு. முழங்காலு. இடுப்பு. கழுத்து.

உள்ள போனதும் ஒரு கையி. கையின்னுதான் சொன்னான். ஈரமா, மெத்துன்னு இருந்துச்சாம். பதனமாத் தொட்டுச்சாம். மல்லாத்திப் போட்டு, தாடைய அமுக்கி வாயத் தெறந்து, ஒவ்வொரு பல்லாத் தடவிக்கிட்டே போச்சு. அப்பறம் விலா எலும்பு. ஒண்ணு... ரெண்டு... மூணு... பாதியில நின்னுச்சு. கணக்கு விட்டுப்போச்சு போல. மறுபடி மொத எலும்புல இருந்து ஆரம்பிச்சுச்சு. இவனுக்கு மூச்சு முட்டுது. எத்தனை மீன மடியில போட்டு நாம இப்பிடி எண்ணியிருப்போம்னு அப்பத்தான் ஒறச்சுச்சாம்.

பெறகு காதுகிட்ட ஒரு சத்தம். கிளிக்.

கண்ணத் தெறந்தா கரையில கெடக்கான். மேகம் இல்ல. பாட்டில்ல ஸ்பிரிட்டு இருக்கு, மீனில்ல. எடது காதுல கீழ்ச்சோணைய நேரா வெட்டி எடுத்திருக்கு. ஒரு பொட்டு ரத்தமில்ல. பையில இருந்த மீன் நோட்ட எடுத்துப் பாத்தான். நோட்டு காஞ்சிருக்கு. ஆனா கடைசி வரியில மட்டும் மை ஈரம். அவன் கையெழுத்து, அச்சடிச்ச மாதிரி. நீளம் அஞ்சடி நாலங்குலம். விலா இருபத்துநாலு. பல்லு இருபத்தொம்போது. சாதி... "தெரியவில்லை. இதற்கு முன் பார்த்ததில்லை. திருப்பி விடப்பட்டது."

பூச்சித்துரை அதப் படிச்சுட்டு, குடிச்சிட்டு வந்திருக்கான்னாரு. இருந்தாலும் அவரு புத்தி போகுமா? இவன் வாயத் தெறக்கச் சொல்லி பென்சில வச்சு எண்ணுனாரு. இருபத்தெட்டு. "பாரு, தப்பு"ன்னு சிரிச்சு நோட்ட மூஞ்சியில வீசுனாரு. வேலையும் போச்சு, வீடும் போச்சு. நெறமாசத்த நடத்தியே கீழ எறக்குனான். மதலேனாள் ராயப்பன்பட்டிக்கு மொதல்ல போயிருச்சு. இவன் சாமான எல்லாம் எறக்கிட்டுப் போகலாம்னு அடிவாரத்துலயே தங்கிட்டான்.

இருவதாம் நாளு... கடவாயில ஈறு கிழிஞ்சு ஒரு பல்லு மொளச்சுச்சு. இருபத்தொம்போது.

அன்னைக்குத்தான் அவனுக்கு அந்தச் செவப்பு மை ஞாபகம் வந்துச்சு. ரெண்டாவது தடவை சிக்குனா...

கம்பம் பள்ளத்தாக்குல தண்ணியத் தாண்டாம எந்த ஊருக்குப் போவ முடியும்? முல்லையாறு, வாய்க்கா, வயலு, கம்மா. ராயப்பன்பட்டிக்கு முன்னாடி ஒரு வாய்க்கா. தாவுனாத் தாண்டிறலாம். காலத் தூக்குனான்... கன்னத்துல சுருக். அப்பிடியே ஒக்காந்துட்டான். புள்ள பெறந்து மூணா மாசம், மதலேனாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்னு தூக்கிக் காட்டுச்சு. பொட்டப்புள்ள. வியாகுலமேரின்னு பேரு. கால்ல கொலுசு வெயில்ல மினுக்குச்சு... பீட்டர்ராஜ் சொன்னான். கையில ஒரு தடவை வாங்கல. இந்நேரம் அதுக்கு ஆறு வயசு இருக்கும்.

என்ன பவுனு? அந்த ஆளு இப்ப எங்கன இருக்கானா?

தண்ணியில்லாத எடமாத் தேடி அலைஞ்சான். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கரட்டுல ரெண்டு வருசம். அங்கனயும் ஒரு ஐப்பசியில குட்டை நெறஞ்சு குடிசையச் சுத்திக்கிருச்சு. தப்பி ஓடியாந்தான். அப்பத்தான் எவனோ சொன்னான்... மேட்டுமேல ஒரு கட்டடம், ராப்பகலா நெருப்பு எரியும், உடுத்துன துணியில ஈரம் தங்காது, அடுப்பு பாக்க ஆளு கேக்குறாகன்னு.

என்னைய ஏன் எல்லாரும் அப்பிடிப் பாக்குறீக?

இந்தத் துண்டா? குளுருக்குக் காத மூடிக் கட்டுனது. கைய எடு ஒச்சாண்டி. அவுக்க வேணாம். சொன்னாக் கேளு.

செல்லப்பாண்டி, போயி அந்தக் கல்லப் பாரு. ...தெரியலையா. படியும் தெரியலையா. சரி, விடு. கதவுகிட்ட நிக்காத, இங்கிட்டு வா. விறகு இருக்கிற பூராத்தையும் அடுப்புல போடுங்க. நெருங்கி ஒக்காருங்க.

இத்தனை மூடை ஏலக்கா காயிற எடத்துல... யாருக்காச்சும் வெள்ளரிப்பிஞ்சு வாசம் அடிக்குதா?