டிராயரில் இருந்த வாட்ச்

எனது பெயர் தேவிப்பிரியா, வயது 33, கணவர் பெயர் பாண்டியன். பாரிவாக்கம் பிள்ளையார் கோயில் தெருவில் வாடகைக்குக் குடியிருந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்து வருகிறேன். என் கணவர் லாரி ஓட்டுகிறார். எங்கள் ஒரே மகள் சுவேதா, வயது 8, நூம்பல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

வேனில் போய் வரும் பிள்ளை என்பதால் சிம் போட்ட வாட்ச் ஒன்றை அவள் கையில் கட்டியிருந்தோம். அது இருக்கும் இடம் என் செல்போனில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். நேற்று மாலை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தேன், புள்ளி பள்ளியிலேயே இருந்தது. ஆண்டு விழா ஒத்திகை என்று நினைத்து நிம்மதியாக வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு நாகம்மா, “இன்னா தேவி, பாப்பாவ நீ இட்டுகினு வரலியா? வேன் அப்பவே வந்து பூட்ச்சே” என்று கேட்டார். அதன் பிறகு வேன் டிரைவர் வேலுசாமிக்குப் போன் செய்தேன். பிள்ளையை நானே அழைத்துப் போய்விட்டதாக நினைத்துக் கிளம்பிவிட்டாராம்.

அதன் பிறகு ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் மணவாளன் போன் செய்ய, தலைமை ஆசிரியை வந்தார். “வாட்ச் கட்டக் கூடாதுன்னு டைரியிலயே போட்டிருக்கோம். புள்ளைங்க பாதுகாப்புக்குத்தான் அந்த ரூல். காலையிலயே வாங்கி ஆபீஸ் டிராயர்ல வெச்சுட்டோம். நீங்க பாக்குற புள்ளி வாட்ச்தான், உங்க பொண்ணு இல்ல” என்றார்.

அதன் பிறகு போலீசுக்குத் தகவல் சொல்லி, பெண் காவலர் ஒருவர் வந்ததும், அவரும் நானும் சென்னீர்குப்பம் வரை ரோட்டோரக் கடைகளில் போட்டோவைக் காட்டிக் கேட்டோம். மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பள்ளிக்கே திரும்பி வந்து, அந்த வாட்சையாவது என் கையில் கொடுங்கள் என்று கேட்டேன். வருடக் கடைசியில்தான் தருவது வழக்கம் என்றார் தலைமை ஆசிரியை. பெண் காவலர் சத்தம் போட்டதும் மணவாளன் ஆபீஸ் அறையைத் திறந்தார். மேசைக்குப் பின்னால், டிராயரில் சாய்ந்தபடி, மடியில் பையுடன் என் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள். பாவாடை நனைந்திருந்தது. தலைமை ஆசிரியையைப் பார்த்ததும் எழுந்து நின்று, “மிஸ், நான் தொடல மிஸ்” என்றாள். என்னிடம், “வாட்ச் எங்க கீதோ அங்கதானேம்மா நீ என்னைத் தேடுவே” என்றாள்.

பிள்ளைதான் கிடைத்துவிட்டாளே, மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்று தலைமை ஆசிரியை கேட்டார். அந்த வரியை இந்த வாக்குமூலத்தில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பா. தேவிப்பிரியா