ஆணி எடுத்த ஓட்டை

ராத்திரி ஒரு மணி. ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடக் கரைக்குப் போகும் சாலை. நாய்கூட இல்லை. கையில் சாப்பாட்டுத் தூக்கோடு தனியாக நடந்தாள் வியாகுலம்மாள்... என் நண்பன் கிளமென்டின் அக்கா. ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாதம்.

சாலை முடிவில் நாடகக் கொட்டகை. உள்ளே அவள் புருஷன் தைரியராஜ் மேடைத் திரைத் துணியில் வர்ணத்தால் சீன் எழுதிக்கொண்டிருந்தார். வர்ணத்தில் கலக்கும் வஜ்ரப் பசை கொதிக்கும் நாற்றம் வெளியே வரைக்கும் வந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், செசிலி. ஆறு வயது. ஏகாதசிக் கூட்டத்தில் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், வடக்குத் தெருவில் விரலை விட்டுவிட்டாள். அவ்வளவுதான். இரண்டு மாதமாகத் தேடாத இடமில்லை. அந்தத் தெருவைத்தான் அவர் துணியில் எழுதிக்கொண்டிருந்தார்.

தெரு சீன் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? துணியின் நடுவில், பின்னால் பலகை கொடுத்து, ஒரு பெரிய ஆணி அடிப்பார்கள். அதில் சுண்ணாம்பு தடவிய நூல். இழுத்துத் தெறித்தால் கோடு விழும். கூரை, ஜன்னல், வாசற்படி, எல்லாக் கோடும் அந்த ஆணிக்கே ஓடும். வீடுகள் சிறுத்துக்கொண்டே போகும்; தெரு நீளமாகத் தெரியும். ஆனால் நடிகர் மட்டும் திரைப் பக்கம் போகக் கூடாது.

"ஏண்ணே?" என்று முன்பு ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"வீடு சின்னதாயிரும், ஆளு ஆவானா? கடைசி வீட்டுக்கிட்ட நின்னா கூரைக்கு மேல தலை நிக்கும். ஜனம் சிரிச்சிரும்."

அன்று ராத்திரி வியாகுலம்மாள் உள்ளே வந்தபோது வேலை முடிந்து, ஆணியையும் பலகையையும் எடுத்துவிட்டிருந்தார்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"பசிக்கல."

"நீங்களும் படுத்துட்டா புள்ளைய யாருங்க தேடுறது?"

அப்போது... கொலுசுச் சத்தம்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மேடையில், முதுகைக் காட்டிக்கொண்டு செசிலி. திரையை நோக்கி நடக்கிறாள். முதல் வீட்டருகே ஆறு வயதுக் குழந்தை. மூன்றாம் வீட்டருகே... ஒரு சாண்.

"செசிலி!" தூக்கைப் போட்டுவிட்டு ஓடினாள் வியாகுலம்மாள்.

தைரியராஜ் ஓடவில்லை. தொழில் பழக்கம். பிரஷை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தி அளந்தார். குழந்தை அந்த வாசலுக்குச் சரியான அளவில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஓடிய பெண்டாட்டியும் அந்த வாசலுக்குச் சரியாக இருந்தாள்.

பிறகுதான் ஓடினார். ஈரத் துணியில் முகம் மோதியது.

விடிந்து கிளமென்ட் வந்தபோது, ஆணி எடுத்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை முழுக்க விட்டபடி நின்றிருந்தார்.

"மச்சான், கைய எடுங்க."

"புடிச்சிருக்காடா... இந்தத் தடவ விட மாட்டேன்."

கிளமென்ட் திரைக்குப் பின்னால் ஓடிப் பார்த்தான். ஒற்றைத் துணி. அதைத் தாண்டினால் தகரச் சுவர். ஓட்டை இருந்தது.

விரல் அந்தப் பக்கம் வரவேயில்லை.