திரும்பிப் பார்க்காதவர்கள்

ஒரு பெரிய படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக ஒழுங்காக மடிக்க முடியாது. சந்தேகமாக இருந்தால் இன்று வீட்டுக்குப் போனதும் முயன்று பாருங்கள், ஐயா. ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை தரையைக் கூட்டும். அதனால்தான் எங்கள் சலவைக்கூடத்தில் எந்த வேலைக்கும் இரண்டிரண்டு பேராக நிறுத்துவேன்.

நான் அங்கே சூப்பர்வைசர். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்துப் பிழிந்ததை ரோலரில் விடுவோம். ரோலர் என்பது ஒரு கட்டிலின் நீளத்துக்கும் மேல் நீண்ட, கொதிக்கக் கொதிக்கச் சுழலும் உருளை. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஈர விரிப்பை உள்ளே விட்டால், அந்தப் பக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் வெளியே வரும். அங்கே நிற்கிறவர்கள் பிடித்து மடிப்பார்கள். பக்கத்துத் தூணில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் ரோலர் நின்றுவிடும். அந்தத் தூணடிதான் என் இடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு விசாரணையில் நான் எதையோ மறைத்தேன் என்று பேச்சு வரக் கூடாது.

கூடத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பெண்கள். எல்லாருக்கும் நான் அக்கா. என்னைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களைப் பற்றி உங்களுக்கு உயர்வான எண்ணம் எதுவும் வேண்டாம். ஒருநாள் எனக்குப் பொழுது போகவில்லை. "இனிமே தலையணை உறையெல்லாம் உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி மடிங்க" என்றேன். எந்தக் காரணமும் கிடையாது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து அப்படியே மடித்தார்கள். விடுதிக்காரர்கள் புகார் சொன்னபோது, அதுதான் சரியான முறை என்று அவர்களோடு வாக்குவாதம் செய்யவும் ஒருத்தி போனாள். இப்படிப்பட்டவர்களை மதிக்க என்னால் முடிந்ததில்லை. ஆடுகூட ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் நடக்கும்.

நெட்டை மட்டும்தான், "எதுக்குக்கா அப்படி மடிக்கணும்?" என்று கேட்டாள். உயரமாக இருந்ததால் அந்தப் பெயர். அவளை வேலைக்குக் கூட்டிவந்தது அவள் புருஷனின் தங்கை. அந்தத் தங்கையைக் கூடத்தில் எல்லாரும் நாத்தனார் என்றே கூப்பிட்டார்கள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுவார்கள். ஒருத்தி தும்மினால் மற்றவள் முந்தானையை நீட்டுவாள்.

ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. விரல் அதைத் தாண்டப் பார்த்தால் கம்பியில் இடித்து ரோலர் தானாக நின்றுவிடும். ஈர விரிப்பு கொஞ்சம் சுருண்டு தடித்து வந்தாலும் நின்றுவிடும். வேலை தேங்கியது. முதலாளி கழற்றச் சொன்னார், நான் மெக்கானிக்கிடம் சொன்னேன், அவன் கழற்றினான். மறுநாள் வந்த பெண்கள் கம்பி இருந்த இடத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், வேலையைத் தொடங்கினார்கள்.

"அக்கா, கம்பி எங்க?" என்றாள் நெட்டை.

"கழட்டியாச்சு."

"கை உள்ள போனா?"

"ஏன் விடறே?"

அவள் சிரித்துவிட்டுப் போயிருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அவள் நேராக மாடியேறி முதலாளியிடமே போய்க் கேட்டுவிட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டு அவளுக்கு முன்னாலேயே சொன்னார்: "என்னம்மா, உன் ஆளுங்களை உன்னால அடக்க முடியலையா? இல்ல, நான் வேற சூப்பர்வைசர் பாத்துக்கட்டுமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவது அந்தப் பெண்களின் பழக்கம். படியிறங்கி வரும்போதே என்ன செய்வது என்று தெளிவாகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் நெட்டை குழாயடிக்குப் போனதும் மற்றவர்களைக் கூப்பிட்டேன். "இனிமே அவளோட யாரும் பேச வேண்டாம். கூப்பிட்டா திரும்ப வேண்டாம். என்ன சொன்னாலும் காதுல வாங்க வேண்டாம். அவ இங்க இல்லன்னு நினைச்சுக்குங்க."

ஒருத்தி கேட்டாள், "எதுவரைக்கும்கா?"

ஏன் என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"நான் சொல்ற வரைக்கும்."

நாத்தனார் கையைப் பிசைந்தாள். "ஒரே வீட்டுல இருக்கோமேக்கா..."

"வீட்டுல பேசிக்கோ. இங்க வேண்டாம்."

அவ்வளவுதான். நான் யாரையும் மிரட்டவில்லை. வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. நெட்டை கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, நாத்தனார் டப்பாவை இழுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். நெட்டைக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. "என்னங்கடி, எல்லாரும் வாயைத் தச்சுக்கிட்டீங்களா?" என்றாள். யாரும் நிமிரவில்லை. அந்தச் சிரிப்பு அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

நான் சொன்னது பேச வேண்டாம் என்பது மட்டும். மீதியை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். அவள் செருப்பைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். அவள் குடித்த டம்ளரை யாரும் தொடாமல் தனியாக ஒதுக்கினார்கள். அவள் காயவைத்து அடுக்கியதை மறுபடி நனைத்து அவள் தள்ளுவண்டியிலேயே போட்டார்கள். ஒருத்தி செய்தால் அடுத்தவள் அதைவிட ஒரு படி கூடுதலாகச் செய்தாள். செய்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், மதிப்பெண் போடுவேன் என்பதுபோல. நான் எதுவும் சொல்ல மாட்டேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். நாத்தனார் ஒருநாள் தானாக வந்து, "வீட்டுலயும் நான் அவளோட பேசறதில்லக்கா" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு வாயில் ஏதோ கசந்தது.

ரோலரில் நெட்டையின் ஜோடியாக நின்றவள் வேறு வேலைக்கு நகர்ந்துவிட்டாள். நான் நகர்த்தவில்லை. அதன்பிறகு நெட்டை தனியாகவே விரிப்பை விட்டாள். ஒரு முனையை உள்ளே கொடுத்துவிட்டு, அது கோணுவதற்குள் மறுமுனைக்கு ஓடுவாள். நடுவில் சுருக்கம் விழுந்தால் எட்டித் தட்டுவாள். கைதான் நீளமாயிற்றே. ஒருநாள் என்னிடம் வந்தாள். வியர்வை முகமெல்லாம் வழிந்தது.

"அக்கா, ஒரு ஆளையாவது குடுங்கக்கா. தனியா முடியல."

நான் ஜன்னலைப் பார்த்தேன். விதி என்று ஒன்றை வைத்தால் அது எனக்கும்தான்.

"அக்கா, நீங்களுமா?" என்றாள். பிறகு ரோலருக்குப் போனாள். அவள் வேலையை விட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் எதிர்பார்த்தேன். அவள் போகவில்லை. என்றாவது யாராவது பேசுவார்கள் என்று நினைத்தாள்போல. மனிதர்களைப் பற்றி அவளுக்கு இருந்த மதிப்பு அது. கடைசியில் அதுவே அவளுக்கு வினையாயிற்று.

அன்று காலை மருத்துவமனை விரிப்புகள். நெட்டை ஒன்றை விட்டாள், நடுவில் சுருக்கம் விழுந்தது, எட்டித் தட்டினாள். விரிப்பு அவள் விரல்களைச் சேர்த்து இழுத்தது.

முதலில் "அக்கா" என்றாள். சாதாரணமாகக் கூப்பிடுவதுபோலத்தான் இருந்தது. பிறகு கத்தினாள். நாத்தனாரின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஒவ்வொருத்தியின் பெயரையும் சொன்னாள். பிறகு பெயர்கள் நின்றுபோய் வெறும் சத்தம் வந்தது.

யாரும் திரும்பவில்லை. பிழிகிற இடத்தில் ஒருத்தி, ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். இன்னொருத்தியின் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன, கைகள் மட்டும் வேலை செய்தன. ஒன்றிரண்டு பேர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்கள். அவளைப் பார்க்கவில்லை, என்னை. விரிப்பு மறுபக்கம் வந்தது. நாத்தனார் அதைப் பிடித்தாள். ஓரத்தில் கறை இருந்தது. கறை உள்ளே போகும்படி மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். கறை விழுந்ததை அப்படித்தான் மடிக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ரோலரை நிறுத்தியது மூட்டை ஏற்ற வந்த வண்டி டிரைவர். வாசலிலிருந்து ஓடிவந்து, என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் பட்டனை அடித்தான். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க எல்லாரும்? மனுஷங்கதானா நீங்க?" என்று கத்தினான். அவனை நல்லவன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் கூடத்தில் ஒரு வாரம் வேலை பார்த்திருந்தால் அவனும் வாசலிலேயே நின்றிருப்பான்.

முழங்கைக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. எல்லாரும் சேர்ந்து மருத்துவமனைக்குப் போனோம். நெட்டை விழித்திருந்தாள். கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் கத்தினது யாருக்கும் கேக்கலையா?"

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல அண்ணி," என்றாள் நாத்தனார்.

"ஆமா, மெஷின் சத்தம்," என்றாள் இன்னொருத்தி. பிறகு ஒவ்வொருத்தியாக அதையே சொன்னார்கள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்களிடமும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். நெட்டை தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைத்து அவர்கள் மூச்சுவிட்டார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எத்தனை தடவை கூப்பிட்டும் நாத்தனார் பக்கம் திரும்பவில்லை.

கேட்டது, ஐயா. எனக்கு நன்றாகக் கேட்டது. கம்பியைக் கழற்ற வைத்தது நான், பேச வேண்டாம் என்றது நான், அவள் கை உள்ளே போவதை முதலில் பார்த்ததும் நான். கையை நீட்டினால் பட்டன். ஒரு விரிப்பு உள்ளே போய் வெளியே வரும் நேரம் முழுவதும் நான் அதற்குப் பக்கத்திலேயே நின்றேன். உறைந்துபோய் நிற்கவில்லை, மயக்கமும் வரவில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய சத்தத்துக்கு ஒருத்தியாவது அசைவாளா என்று பார்த்தேன். அசையவில்லை. அவ்வளவு அற்பப் பிறவிகள். ஒருத்தியும் திரும்ப மாட்டாள் என்று எனக்கு எப்போதும் தெரியும், ஆனால் அன்று கண்ணால் பார்த்தபோது காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அவர்களோடு சேர்த்து என்னைப் பேசாதீர்கள். அது மட்டும் எனக்குப் பொறுக்காது. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு புத்தி கிடையாது, பக்கத்தில் இருப்பவள் என்ன செய்கிறாளோ அதைச் செய்வார்கள். எனக்கு அந்தப் பட்டனை அழுத்தும் மனம் இருந்தது. அவர்களில் ஒருத்தியாவது முதலில் திரும்பியிருந்தால் அந்தக் கணமே அழுத்தியிருப்பேன். அத்தனை பேரும் பேசாமல் நிற்கும்போது, நான் ஒருத்தி மட்டும் எப்படி ஐயா முந்திக்கொண்டு போவது?