மூணாவது அமுக்கு

பயப்படாம உக்காருங்கக்கா. கம்பிய இப்பிடி இறுக்கிப் பிடிச்சா கைதான் வலிக்கும். பஸ்ஸ வேகமாத்தான் ஓட்டுவாக, ஆனா அருப்புக்கோட்டை, நரிக்குடி ரோட்டுல இந்த எட்டு வருசமா ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்துனதில்ல. திருச்சுழி தாண்டிட்டா குலுக்கல் கொறஞ்சிரும்.

இதுவா? ஆம்பள வாச்சுதான். ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன், வாங்கிட்டு வாரேன். எங்கப்பா மரியராஜ் மெட்ராஸ்ல ரேஸ் காருக்கு மெக்கானிக்கு. மொதலாளி குடுத்தது. இந்தா, இந்தப் பொத்தான ஒருக்கா அமுக்குனா பெரிய முள்ளு ஓடும். மறுக்கா அமுக்குனா நிக்கும். மூணாவது அமுக்கு அமுக்குனமோ, பழையபடி மேல போயி நின்னுக்கிரும். எத்தன ஓடுச்சுங்கிறத அப்பறம் தொலஞ்சதத் தேடிக்குடுக்குற அந்தோணியாரே வந்தாலும் எடுத்துத்தர முடியாது.

எம்பத்தாறுல கோயில் திருநாளுக்கு எங்க ஊரு கண்மாய்க்குள்ள பைக்குப் பந்தயம் வச்சாக. தண்ணி ஏது, அந்த வருசம் ரோடு கணக்காக் கெடந்துச்சு. ஒவ்வொரு ஆளா மூணு சுத்து. ஜெயிக்கிறவுகள மெட்ராஸ் பக்கத்துல சோழவரத்துக்குக் கூட்டிப்போயி ரேஸுல சேத்துவிடுறேன்னு அப்பா சொல்லியிருந்தாரு. அவருக்குக் கண்ணுல பொற, முள்ளு தெரியாது. வாச்சு எங் கையில.

ஜாபேஸண்ணன் ரெண்டு நிமிசம் ஒம்பது செகண்டு. கடைசியா ராபின் வந்தாக. ரெண்டு நிமிசம் நாலு.

ஆமா, ஜெயிச்சுட்டாகதான்! ஆனா மெட்ராஸுக்குப் போனா திரும்பி வருவாகளா? ரெண்டு வருசமா கோயில்ல பொம்பளையாளுக பக்கமிருந்து அவுகளப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு வார்த்த பேசல. உசுரே போயிரும்போல இருந்துச்சுக்கா. அப்பா எத்தனம்மாங்கிறாரு. அமுக்கிட்டேன், மூணாவது தடவ. ரெண்டு பதினொண்ணுப்பான்னுட்டேன்.

ஜாபேஸண்ணன் சோழவரம் போயி கப்பு வாங்கி, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. இவுக வேப்பமரத்தடியில மூஞ்சத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாக. நாந்தான் கலர் சோடா வாங்கிக் கொண்டுபோயிக் குடுத்தேன். சிரிக்காதீக. அடுத்த வருசமே கல்யாணம்.

இப்பவும் சாப்புட உக்காந்தா, ரெண்டே செகண்டுல போச்சே ஏஞ்சலினும்பாக. நான் இன்னொரு கரண்டி கொழம்ப ஊத்துவேன். பாவந்தான். ஆனா அந்த நாளு திரும்பி வந்தாலும் அமுக்கத்தாங்கா செய்வேன்.

எங்கிட்டு இருக்காகளா? அந்தா, ஸ்டேரிங்கப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணாடியில நம்மளயே பாக்குறாகளே, அவுகதான். மெதுவாப் பேசுங்கக்கா. காதுல விழுந்துச்சுன்னா இப்பிடியே வண்டியத் திருப்பி மெட்ராஸுக்கு விட்டுருவாக.