சரிவில் நியூட்ரல்

மெதுவாக ஓட்டும்போது தொந்தரவு தராத வண்டியை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை. பேச்செல்லாம் வேகமாகப் போகிற வண்டியைப் பற்றித்தான். இத்தனைக்கும் மனிதன் வண்டி ஓட்டுகிற நேரத்தில் பாதி சிக்னலில் நிற்பதிலும், மீதி முன்னால் போகிற பஸ்ஸின் புகையைக் குடிப்பதிலும்தான் போகிறது.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும் ஐயா. எங்கள் தெருச் சரிவில் இறங்கிய கார் முச்சந்தியில் லாரிக்குள் போனது ஏன் என்று கேட்டீர்கள். என் மனைவி அதில் இறந்தாள். ஓட்டியவன் என் மைத்துனன், அவளுடைய தம்பி. தோள்பட்டை உடைந்து பிழைத்துக்கொண்டான். கவனமில்லாமல் ஓட்டி அக்காவைக் கொன்றான் என்று அவன்மேல் வழக்கு எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன். சொல்லி முடித்ததும் எங்கேயாவது படுக்க விட்டால் போதும்.

என் பட்டறையில் ரோட்டரி எஞ்சின் வேலை மட்டும்தான். உங்கள் ஜீப்பில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். ரோட்டரியில் குதிப்பது எதுவும் கிடையாது. தொப்பை வைத்த முக்கோணம் போல ஒரு ரோட்டார், கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். காற்று உள்ளே வரப் பக்கச் சுவரில் ஒரு துளை. சுற்றுகிற ரோட்டாரே அதைத் திறக்கும், அதுவே மூடும். அந்தத் துளையைத்தான் போர்ட் என்கிறோம். அதன் ஓரத்தை எங்கே, எவ்வளவு அறுக்கிறோமோ அதுதான் வண்டியின் குணம். அளவாக அகட்டி விளிம்பை வழவழப்பாக்கினால் தெருவுக்கு நல்லது. கிளட்சை விட்டதும் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி நகரும். நிறைய அகட்டினால் மேல் வேகத்தில் பிய்த்துக்கொண்டு போகும், கீழ் வேகத்தில் திக்கித் திணறும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன், வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் மனைவி கல்யாணமான மறுநாள் ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஒரு தம்பி என்று மூன்றோடு என் வீட்டுக்கு வந்தாள். அப்பா அம்மா இல்லாதவர்கள். அவனை இவள்தான் வளர்த்தாள். நல்ல பையன்தான், நான் குறை சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் அவன்தான் மாத்திரை வாங்கப் போவான். தலைமுடி நரைக்க ஆரம்பித்த பிறகும் மாடி அறையை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

அவன் ஒரு பழைய ரோட்டரி கார் வாங்கினான். அதன் எஞ்சினை நான் இறக்கி, பிரித்து, தெருவுக்கு ஏற்ற மாதிரி போர்ட் அறுத்தேன். என் கை செய்ததிலேயே அதுதான் சிறந்த வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். நாலாவது கியரில் நடைவேகத்தில் போட்டு மிதித்தாலும் உதறாமல் இழுத்தது. அவன் ஒரு சுற்று போய்விட்டு வந்தான்.

"நல்லாதான் இருக்கு அத்தான். ஆனா வாடகைக் கார் மாதிரி இருக்கு."

பட்டறை வாசலில் நின்ற என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

அப்புறம் தினமும் சாப்பாட்டோடு அதே பேச்சு. "ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கறீங்க, இவனுக்கு இன்னும் கொஞ்சம் பவர் வெச்சுக் குடுத்தா என்ன கொறஞ்சா போகுது?" என்பாள். இரண்டாவது முறை இறக்கி, இன்னும் அகட்டினேன். அது அவனுக்குப் பிடித்தது. ஆனால் சத்தம் வரவில்லையாம்.

சத்தம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். போர்ட்டுக்கு மேலே, புருவம் வைத்தது போல இன்னொரு பிளவு அறுப்பது உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு பாலம் விடவேண்டும், அதனால் பிரிட்ஜ் போர்ட் என்று பெயர். பந்தயத்துக்கு ஆனது. அப்படி அறுத்த எஞ்சின், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது விக்கல் எடுப்பது மாதிரி விட்டு விட்டு அடிக்கும். தெருவே திரும்பிப் பார்க்கும். இந்த ஆட்களுக்கு அதைவிடப் பெரிய சங்கீதம் கிடையாது. மூன்றாவது முறை எஞ்சினை இறக்கச் சொன்னான். என் மனைவியும் சொன்னாள். இதோடு விட்டுவிடுவான் என்றாள்.

கோபம் வந்ததா என்கிறீர்கள். இல்லை ஐயா. கோபப்படத் தெம்பு வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. நன்றாகச் செய்த ஒரு வேலையை நானே மறுபடி மறுபடி அறுத்துக் கெடுக்க வேண்டியிருந்தது. கிரைண்டரைப் பிடித்தபோது ஒன்று மட்டும் நினைத்தேன். இந்தப் பேச்சு இல்லாமல் ஒரு வேளை சோறு சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று.

பிரிட்ஜை ஒழுங்காகத்தான் அறுத்தேன். வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள், ஒரு பிசிறு இருக்காது.

இங்கேதான் உங்கள் மெக்கானிக் பார்க்காதது ஒன்று இருக்கிறது. பிரேக் எண்ணெய் இருக்கிறது, பேட் புதிது, குழாய் ஒழுகவில்லை, பிரேக்கில் கோளாறு இல்லை என்று எழுதினார். எல்லாம் சரி. ஆனால் பிரேக் மிதியை நம் காலுக்கு லேசாக்குவது எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பு. பிரிட்ஜ் அறுத்தால், சும்மா ஓடும்போது அந்த இழுப்பு செத்துவிடும். முதல் மிதிக்கும் இரண்டாவது மிதிக்கும் பிரேக் டப்பாவின் சேமிப்பில் இருக்கிற இழுப்பு போதும். அதற்கு மேல் மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருக்கும். ரோட்டில் ஓடப்போகிற வண்டி என்றால் அந்த இழுப்பைக் கொடுக்கத் தனியாக ஒரு சின்ன பம்ப் வைப்பேன். எல்லோருக்கும் வைப்பேன். அதே வாரம் ஒரு பல் டாக்டர் வண்டிக்கு வைத்தேன். மைத்துனனுக்கு எடுத்து வைத்திருந்த பம்ப் அலமாரியிலேயே இருந்தது. இன்னும் இருக்கிறது.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். உங்களுக்கும் வேலை சுலபமாகும். ஆனால் வண்டியைக் கொடுத்த அன்று அவன் கேட்டான்.

"அத்தான், பிரேக் கொஞ்சம் கெட்டியா இருக்கே?"

"பேட் புதுசுடா. ஓட ஓட சரியாயிடும்" என்றேன்.

அவன் என்னை நம்பினான். வண்டி விஷயத்தில் என் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசமாட்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து முச்சந்தி வரைக்கும் இறக்கம். அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு உருட்டிக்கொண்டு போவான். வேறு எதற்கு, சத்தம் வீடு வீடாகக் கேட்கத்தான். வேகத்தடைக்கு ஒரு மிதி, பள்ளத்துக்கு ஒரு மிதி. முச்சந்திக்கு வரும்போது சேமிப்பில் ஒன்றும் இருக்காது. கியரில் இறங்கியிருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்திருக்கும், பிரேக்குக்கும் இழுப்பு கிடைத்திருக்கும். ஆனால் கியரில் போட்டால் அந்த விக்கல் சத்தம் வராது. அதனால் போடமாட்டான். எனக்குத் தெரியும். பட்டறையில் உட்கார்ந்தபடியே தினமும் கேட்பேனே. மற்ற நாளெல்லாம் முச்சந்தியில் குறுக்கே எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதாதீர்கள், எனக்குக் கூச்சமாக இருக்கும். அவன் தினமும் பட்டறைக்கு வருகிறான் ஐயா. கட்டுப்போட்ட தோளோடு என் வேலைமேஜைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அழுகிறான். "மிதிச்சேன் அத்தான், ரெண்டு காலாலயும் மிதிச்சேன். எறங்கவே இல்ல. நாந்தான் அக்காவக் கொன்னுட்டேன்." ஜெயிலுக்குப் போகத் தயார் என்கிறான். வக்கீலே வேண்டாம் என்கிறான். சாப்பிடுவதில்லை. நான் கிரைண்டரைக் கையில் எடுத்தால் போதும், மறுபடி ஆரம்பித்துவிடுவான். ஒரு விளிம்பைக்கூட நேராக அறுக்க முடியவில்லை. அவன் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி வழக்கிலிருந்து விட்டுவிடுங்கள். பம்ப் வைக்காதது நான். பொய் சொன்னது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

மனைவி அந்த வண்டியில் போவாள் என்று தெரியுமா என்று கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் இருக்கிறீர்கள். என்மேல் இரக்கம் போலிருக்கிறது. அவள் கண்ணாடிக் கடை வேலைக்குப் பஸ்ஸில்தான் போவாள், அந்த வண்டி ஆட்டம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். வாஸ்தவம்தான்.

முந்தின நாள் சாப்பிடும்போது நான்தான் சொன்னேன். "பஸ்ல எதுக்கு இடிபடணும்? நாளைக்குத் தம்பியோட வண்டியில போயேன்."

அவள் கரண்டியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதில் அவளுக்கு எப்போதும் வருத்தம். "நீங்களா சொல்றீங்க? அவன் கேட்டா குதிப்பான்" என்றாள். காலையில் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். பட்டறையைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

சந்தோஷமாகத்தான் போனாள் ஐயா. அந்த அளவுக்காவது அவளுக்கு நான் செய்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.