வாங்குக்கு முன்னால்

கல்முனை பஸ் புறப்பட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், பக்கத்தில் காக்கிச்சட்டையோடு தூங்கி வழிந்த தன் தம்பியைத் தட்டினாள்.

"பூடு உரிக்காமலே ஊட்டுக்குள்ள பூடு நாத்தம் வருமாடா?"

அவன் நிமிர்ந்தான். "எங்க ராத்தா?"

"நம்மட குவாட்டர்ஸ்லதான். நீ விளக்குக்குக் கார்பைட் காஸ் பைப் போட்ட சுவரோரம்."

"அது காஸ் ஒழுகிற மணம்! ஜன்னலத் தொறந்தீங்களா?"

"நுளம்பு வந்து கடிக்குமெண்டு அடைச்சிட்டன். நீ சவுக்காரத் தண்ணி பூசி ஒழுக்குப் பாத்ததெண்டு கையெழுத்து வெச்சாய்தானே?"

"மத்த ஊடெல்லாம் பாத்தன். இது நம்மட ஊடுதானே, பொறகு பாப்பமெண்டு உட்டுட்டன்."

"யா அல்லாஹ்! நாத்தம் போகட்டுமெண்டு, அந்திக்கு மஃரிபு வாங்கு சொன்ன பொறகு தணல் எடுத்து வந்து சாம்பிராணி போடச் சொல்லிட்டு வந்தனே. மகள் தனிய இருக்காள்!"

"நிப்பாட்டுங்க காக்கா!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தி, பஸ்ஸின் தகரத்தில் அடித்தான். பஸ் நிற்குமுன்பே குதித்தான்.

அதே நேரம் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு தொடங்கியது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"ஓடுடா தம்பி! வாங்கு முடியுமட்டும் அவள் தலைய மூடிட்டு அசையமாட்டாள். ஓடு!"